மட்டை நரம்பும் ரியாத் வெயிலும்
டென்னிஸ் மட்டையில் கட்டும் 'சிந்தெடிக் கட்' நரம்பு முழுக்க நைலான். நடுவில் ஒற்றை இழை; சுற்றிலும் மெல்லிய இழைகள். மாட்டுக்குடல் நரம்பைவிட விலை மிகக் குறைவு. பாலியஸ்டரைவிடக் கைக்கு இதம். ஆனால் சீக்கிரம் அறும். 1.25 மில்லிமீட்டர் நரம்பில் பந்து நன்றாகச் சுழலும், 1.30 கூடுதல் நாள் உழைக்கும்.

ரியாத்தின் பத்தா பகுதியிலிருந்து டென்னிஸ் ஆடப் போகிறவர்கள் கவனிக்க: வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டையை விட்டுவைத்தால் நரம்பின் இறுக்கம் தளர்ந்துவிடும். நரம்புகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பள்ளம் விழுந்து, விலகிய நரம்பு தானாக இடத்துக்கு வரவில்லையா? அறும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.