பொதுப்புத்தியைத் தட்டச்சு செய்தல்

எந்திர மொழிபெயர்ப்பு ஏன் முழுமையடையாது என்பதற்கு 1960இல் பார்-ஹில்லெல் என்கிற தர்க்கவியலாளர் ஒரு சின்ன உதாரணம் காட்டினார். ஆங்கிலத்தில் 'பென்' என்றால் பேனா. குழந்தையை விளையாட விடும் அடைப்புக்கும் அதே சொல்தான். பெட்டி பென்னுக்குள் இருந்தது என்றால் எந்தப் பென்? பேனாவுக்குள் பெட்டி போகாதுன்னு நமக்குத் தெரியும். அகராதியிலோ இலக்கணத்திலோ அது கிடையாது. பேசப்படாத ஒன்றின் மேல்தான் பேச்சு நிற்கிறது.

இந்தப் பேசப்படாததை எழுதியே தீர்த்துவிடுவது என்று 1984இல் டெக்சாஸின் ஆஸ்டினில் இறங்கினார் டக்ளஸ் லெனாட். திட்டத்தின் பெயர் சைக், என்சைக்ளோபீடியாவின் நடுத்துண்டு. ஆனால் கலைக்களஞ்சியத்தில் இருப்பதல்ல அவருக்கு வேண்டியது, அதைப் படிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. ஆட்கள் உட்கார்ந்து தர்க்க மொழியில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். 2023இல் லெனாட் இறந்தபோது விதிகள் இரண்டு கோடியைத் தாண்டியிருந்தன. மகிழ்ச்சியான மனிதரின் படம் வேண்டும் என்று கேட்டால், மகள் நடை பழகுவதைப் பார்க்கும் தகப்பனின் படத்தை அது எடுத்துத் தரும் என்பது லெனாட் விரும்பிச் சொன்ன உதாரணம். படக்குறிப்பில் மகிழ்ச்சி என்ற சொல்லே இருக்காது. அழகான விஷயம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் யாருடைய பொதுப்புத்தி? கிராம்சியை வாசித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பொதுப்புத்தி என்பது முரண்களும் துண்டுகளுமாக வரலாறு விட்டுப்போன படிவு என்றார் அவர். முரணைச் சமாளிக்க சைக்கிலும் ஒரு வழி உண்டு: விதிகளைச் சிறுசிறு கோட்பாட்டு அறைகளாகப் பிரித்துவிடுவது. ரத்தக்காட்டேரி ஒரு அறையில் இல்லை, டிராகுலா கதையின் அறையில் உண்டு. சரி, இந்த அறைகளுக்குப் பெயர் வைப்பது யாரு? இன்னாருடைய நம்பிக்கை என்று குறிக்காத எல்லாம் 'சைக்கைக் கட்டியவர்கள் நம்புகிறபடியான உலகம்' என்ற கணக்கில் சேரும். ஆலிசன் ஆடம் என்கிற பெண்ணிய ஆய்வாளர் 1998இல் வந்த தன் நூலில் பிடித்துக்கொண்டது இதைத்தான். மற்றவர்களுடையது நம்பிக்கை, கட்டியவர்களுடையது உலகம். மையம் தன்னை இப்படித்தான் பெயரில்லாமல் வைத்துக்கொள்கிறது.

எனக்கு இதில் இன்னொன்றும் படுகிறது. கட்டியவர்கள் அந்தப் பெயரை எழுதியாவது வைத்தார்கள். பெரும்பகுதி நிறுவனச் சொத்தாகப் பூட்டியே கிடந்தது. ஓப்பன்சைக் என்று 2002இல் திறந்துவிட்ட பகுதியும் 2017இல் நின்றுபோனது. ஆனாலும் ஒரு விதி என்றால் அது ஒரு வரி. அதன்மேல் விரல் வைத்து 'இது பொய்' என்று சண்டை போடலாம். இன்றைய பெரும் மொழி மாதிரிகள், குவிந்துகிடக்கும் எழுத்தையெல்லாம் விழுங்கி, அதே பொதுப்புத்தியை எண்களாகக் கரைத்து வைத்திருக்கின்றன. விரல் வைக்க அங்கே வரி இல்லை.