‘ஆகவே’ என்னும் சொல்லும் அருளுரையாளரின் பொறுப்பும்

காரைக்குடிக்கு அண்மையில், புதுவயலை அடுத்துள்ளது கண்டனூர். நகரத்தார் வாழும் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஊழியத்தின் பொருட்டு நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது, முதிய பெரியவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துக் கணக்கேடுகளையும் கடிதக் கட்டுகளையும் நமக்குக் காட்டினார். பாட்டனார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இனங்கள் வரிசையாக எழுதப்பட்டு, அடியில் ‘ஆக’ என்னும் ஒரு சொல்லும் அதன் எதிரே கூட்டுத்தொகையும் இருந்தன. பெரியவர் அச்சொல்லின்மேல் விரலை வைத்து, “ஐயா, ‘ஆக’ என்று எழுதுவது எளிது. மேலே உள்ள இனங்கள் சரியாயிருந்தால்தான் அது நிற்கும்” என்றார்.

கணக்கைக் குறித்து அவர் கூறியது, கல்லூரிக்குத் திரும்பி மாணவர்களின் அருளுரைகளைத் திருத்த அமர்ந்தபோது நம் நினைவுக்கு வந்தது. ஓர் அருளுரையில் பத்திக்குப் பத்தி ‘ஆகவே’ இருந்தது; மேலே கூட்டுவதற்குரிய இனங்கள்தாம் இல்லை. நம்முடைய பழைய அருளுரைகளை எடுத்துப் பார்த்தோம். அவற்றிலும் அக்குறை இருந்தது. ஆதலின் கருத்துகளை இணைக்கும் சொற்கள் எழுத்திலும் பேச்சிலும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

இலக்கணம் தரும் இடம்

இச்சொற்களைத் தமிழிலக்கணம் அற்பமாக எண்ணவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஒன்று இடையியல். நன்னூலும் இதற்கெனத் தனியியல் வகுத்துள்ளது. இடைச்சொல் தனித்து இயங்கும் ஆற்றலற்றது. பெயரையும் வினையையும் சார்ந்தே பொருள் தரும். எனினும் அச்சிறு சொல் வாக்கியத்தின் போக்கையே திருப்பிவிட வல்லது. ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல்லுக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களைத் தொல்காப்பியம் கூறுகிறது. ‘ஆயர் வந்தார்’ என்பதற்கும் ‘ஆயரும் வந்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஓர் ‘உம்’ தான். வேறு சிலர் முன்னரே வந்திருந்தனர் என்னும் செய்தி அதனுள் அடங்கியிருக்கிறது.

ஓலைச்சுவடிகளில் இக்காலத்து நிறுத்தற் குறிகள் இல்லை. எங்கே கருத்து முடிகிறது, எங்கே திரும்புகிறது என்பதைப் படிப்போர்க்கு உணர்த்தியவை பெரும்பாலும் ஏகாரமும் உம்மையும் எச்சங்களுமே. செட்டிநாட்டுக் கடிதங்களிலும் இதைக் கண்டோம். நலம் உரைத்து நலம் வினவிய பின்னர் ‘நிற்க’ என்று ஒரு சொல். அதன்பின் வியாபாரச் செய்தி. ‘முன்னது அவ்வளவில் நிற்கட்டும், இனி வேறொன்று கூறுகிறேன்’ என்பதை ஒரே சொல்லால் உணர்த்திவிடுகிறார் எழுதியவர்.

நூலின் பகுதிகளுக்கிடையேயும் இவ்விணைப்பு வேண்டும். பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை எழுதும்போது, ஓர் அதிகாரம் முந்தைய அதிகாரத்தின்பின் ஏன் வைக்கப்பட்டது என்பதை அதிகார முறைமையாக விளக்கிச் செல்கிறார். தம் அருளுரையின் இரண்டாம் பகுதி முதற்பகுதியின்பின் ஏன் வருகிறது என்று கூறமாட்டாத அருளுரையாளர், பகுதிகளை இன்னும் அடுக்கவில்லை. குவித்திருக்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

ஆதலும் எனலும்

தமிழில் வாக்கியங்களை இணைக்கும் சொற்களை நோக்கினால் அவற்றுள் மிகப் பல இரண்டு வினைகளிலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். ஆகவே, ஆகையால், ஆதலால், ஆனால், ஆயினும் ஆகியவை ‘ஆதல்’ என்னும் வினையின் வழி வந்தவை. எனவே, எனினும், என்றாலும், ஏனெனில் ஆகியவை ‘எனல்’ என்னும் வினையின் வழி வந்தவை. முதல் வகை ‘இவ்வாறு ஆயிற்று’ என்று நிகழ்ச்சியைச் சுட்டுகிறது. இரண்டாம் வகை ‘இவ்வாறு கூறினால்’ என்று கூற்றைச் சுட்டுகிறது. வழக்கில் இவ்விரு வகையும் கலந்தே வழங்குகின்றன. ஆயினும் இவற்றின் பிறப்பிலுள்ள வேறுபாடு சிந்தனைக்கு மிகவும் பயன்படும். ஒன்று நிகழ்ந்ததற்குக் காரணம் வேறு. அது நிகழ்ந்தது என்று நாம் அறிவதற்குக் காரணம் வேறு. ‘மழை பெய்தது, ஆகவே தரை ஈரமாயிற்று’ என்பது முதலாவது. ‘மழை பெய்திருக்கிறது, ஏனெனில் தரை ஈரமாயிருக்கிறது’ என்பது இரண்டாவது. ஈரம் மழையைப் பெய்விக்கவில்லை. மழை பெய்ததை நமக்கு அறிவிக்கிறது.

இவ்வேறுபாட்டை மறந்தால் திருமறை விளக்கத்தில் பெரும் பிழை நேரும். லூக்கா 7-ஆம் அதிகாரத்தில், பரிசேயன் வீட்டில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணைப் பற்றி 47-ஆம் வசனம் பேசுகிறது. கிரேக்கத்தில் அங்கே ‘ஹோட்டி’ என்னும் காரணச்சொல் நிற்கிறது. அவள் அன்புகூர்ந்ததனால் மன்னிக்கப்பட்டாளா? அல்லது அவள் அன்பைக் கண்டு மன்னிக்கப்பட்டவள் என நாம் அறிகிறோமா? ஐந்நூறு வெள்ளிக்காசும் ஐம்பது வெள்ளிக்காசும் கடன்பட்ட இருவரின் உவமை இதற்கு விடை தருகிறது. அவ்வுவமையில் மன்னிப்பு முந்துகிறது, அன்பு பின்தொடர்கிறது. அதே வசனத்தின் இறுதிப் பகுதியும் அம்முறையையே பின்பற்றுகிறது. ஆகவே இங்குள்ள காரணச்சொல் அறிவதற்குரிய காரணத்தையே குறிக்கிறது என்று கொள்வதே பொருத்தம். ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் வெளியான மொழிபெயர்ப்பின் வழியில் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல், இவ்விடத்தில் ‘ஏனெனில்’ என்று எழுதாமல் ‘அன்புகூர்ந்தாளே’ என்று ஏகாரத்தால் முடிக்கிறது. தேற்றப்பொருளில் வரும் அவ்வேகாரம், ‘இதோ பாருங்கள்’ என்று அவள் அன்பைச் சான்றாக நிறுத்துகிறது.

மொழிபெயர்ப்பில் மறைவனவும் தோன்றுவனவும்

எபிரெயத்தில் ‘வாவ்’ என்னும் ஓரெழுத்தே வாக்கியங்களைத் தொடுக்கும் பொது இணைப்பு. ஆதியாகமம் முதலதிகாரத்தில் வசனங்கள் பெரும்பாலும் அதைக்கொண்டே தொடங்குகின்றன. நம் பழைய திருப்புதல் 3-ஆம் வசனத்தில் அதற்கு ஈடாகத் தனிச்சொல் எதுவும் வைக்கவில்லை. 6-ஆம் வசனத்திலோ ‘பின்பு’ என்று தொடங்குகிறது. மூலத்தில் பொதுவாயிருந்த இணைப்பு தமிழில் காலமுறையைத் தெளிவாகக் காட்டும் சொல்லாகிவிட்டது. இது குற்றமன்று, தமிழின் இயல்புக்கேற்ற தெரிவு. ஆனால் ‘பின்பு’ என்னும் சொல்லின்மேல் மட்டும் ஒரு கொள்கையைக் கட்டுகிறவர் மூலத்தைப் பாராமல் கட்டுகிறார்.

மறுபுறம், இணைப்புச்சொல்லைப் புறக்கணிப்பதும் தீங்கே. ரோமர் 12-ஆம் அதிகாரம் கிரேக்கத்தில் ‘ஊன்’ என்னும் முடிவுச்சொல்லைத் தன் முதல் வசனத்தில் கொண்டுள்ளது. தமிழில் அது ‘அப்படியிருக்க’ என வருகிறது. அதற்கு முன்னுள்ள பதினொரு அதிகாரங்களும் பேரேட்டின் இனங்கள். இது அவற்றின் கீழ் எழுதப்பட்ட ‘ஆக’. அச்சொல்லை விட்டுவிட்டு அவ்வசனத்தைப் பிரசங்கிப்பவர் தேவ இரக்கத்தின் விளைவாகிய வாழ்வை வெறும் கட்டளையாக்கிவிடுகிறார். நற்செய்தி அங்கே நியாயப்பிரமாணமாக மாறிவிடுகிறது.

தவறான ‘ஆகவே’

இனி நம் சொந்தக் குற்றம் ஒன்றைக் கூறவேண்டும். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு ஜெபக்கூட்டத்தில், கொடிய நோயினின்று எழுந்த சகோதரர் ஒருவரைப் பற்றி, “அவர் விசுவாசத்தோடு ஜெபித்தார்; ஆகவே பிழைத்தார்” என்று உரைத்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் வாசலில் காத்திருந்தார். அதற்கு முந்தின மாதம் தம் மகனை அடக்கம் பண்ணியவர். “ஐயா, அப்படியானால் நான் விசுவாசிக்கவில்லையா?” என்று கேட்டார்.

அவருடைய ‘அப்படியானால்’ பிழையற்றது. விசுவாச ஜெபம் இருந்தால் உயிர் பிழைப்பது உறுதி என்றால், உயிர் பிழைக்காத இடத்தில் விசுவாச ஜெபம் இல்லை என்பதே முடிவு. பிழை நம்முடைய ‘ஆகவே’யில் இருந்தது. “அவர் ஜெபித்தார், தேவன் அவருக்கு ஆயுளைக் கூட்டிக் கொடுத்தார், நன்றி கூறுவோம்” என்று மூன்று வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நின்றிருக்கலாம். அறியாததை அறிந்ததுபோல ஒரு சொல்லால் கட்டினோம். அக்கட்டு ஒரு தாயின் கழுத்தில் விழுந்தது.

யோபுவின் நண்பர் மூவரும் செய்தது இதுவே. பாவம் துன்பத்தைத் தரும்; யோபு துன்பப்படுகிறான்; ஆகவே யோபு பாவம் செய்தான் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். முதற்கூற்றை ஒப்புக்கொண்டாலும் முடிவு பெறப்படாது. மழை பெய்தால் தரை ஈரமாகும். ஆனால் ஈரமான தரையெல்லாம் மழையால் நனைந்ததன்று, கிணற்று நீர் இறைத்தும் நனைந்திருக்கலாம். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் யார் செய்த பாவம் என்று வினவியபோதும், லூக்கா 13-இல் சீலோவாமின் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்துப் பேசியபோதும், நம் ஆண்டவர் மறுத்தது இத்தகைய ‘ஆகவே’யைத்தான்.

‘ஆனால்’, ‘மற்றும்’

‘ஆனால்’ என்பதற்கும் ஆற்றல் மிகுதி. அதன்பின் வருவதே கேட்போர் மனத்தில் தங்கும். ‘அவர் நம் சகோதரர், ஆனால் தவறியவர்’ என்று சபைக் குழுவில் ஒருவர் கூறினால் தவறு நிலைக்கிறது. ‘அவர் தவறியவர், ஆனால் நம் சகோதரர்’ என்றால் உறவு நிலைக்கிறது. செய்திகள் இரண்டும் மாறவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது. ‘அவர் ஏழை, ஆனால் நேர்மையானவர்’ என்போர், ஏழையிடம் நேர்மையை எதிர்பார்க்கவில்லை என்று தம்மையறியாமல் கூறிவிடுகின்றனர்.

‘மற்றும்’ என்பதோ இக்காலத்தில் அளவின்றிப் பெருகிவிட்டது. ‘விசுவாசம், நம்பிக்கை மற்றும் அன்பு’ என்பதைக் காட்டிலும் ‘விசுவாசமும் நம்பிக்கையும் அன்பும்’ என்பதே தமிழ். மூன்றுக்கும் சமமான இடத்தை உம்மை தருகிறது. அவ்வாறே, நிகழ்ச்சிகளைத் தொடுக்கத் தமிழுக்கு வினையெச்சம் போதும். ‘எழுந்து, வந்து, தகப்பனைக் கண்டான்’ என்றால் வேறு இணைப்பு வேண்டியதில்லை.

சில பயிற்சிகள்

மாணவர்களுக்கு நாம் பரிந்துரைப்பவை மூன்று. முதலாவது, இணைப்புச்சொல்லை விரலால் மறைத்துவிட்டு இரண்டு வாக்கியங்களையும் வாசிக்க வேண்டும். அவற்றிடையே உண்மையில் உள்ள உறவு காரணமா, முரணா, காலமுறையா, வெறும் கூட்டலா என்று கண்டு, அதற்குரிய சொல்லையே எழுத வேண்டும். உறவே இல்லையெனில் எச்சொல்லும் அதை உண்டாக்கித் தராது.

இரண்டாவது, ‘ஆகவே’ வரும் இடத்தில் வாக்கியங்களைத் தலைமாற்றி ‘ஏனெனில்’ என்று எழுதிப் பார்க்க வேண்டும். ‘அவர் பிழைத்தார், ஏனெனில் விசுவாசத்தோடு ஜெபித்தார்’ என்று எழுதியிருந்தால், நாம் எவ்வளவு பெரிய உரிமை கொண்டாடுகிறோம் என்பது அன்றே நமக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, சபையார் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இயலாதவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எழுத்தில் ஒரு சொல் போதுமான இடத்தில், பேச்சில் ‘இதுவரை இன்னது கண்டோம், இனி இன்னது காண்போம்’ என்று ஒரு முழு வாக்கியமே வேண்டும். அது நேரத்தை வீணாக்குவதன்று, செவிக்கு வழிகாட்டுவது.

அத்தாய்க்கு அன்று வாசலில் நாம் விடையளிக்கவில்லை. மறுநாள் அவர் இல்லம் சென்று, “அம்மா, நாங்கள் சொன்ன சொல் தவறு” என்றோம். அவர் சிறிது நேரம் அழுதார். பின்பு குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அன்றுமுதல் ‘ஆகவே’ என்று எழுதும்போதெல்லாம் ஒருமுறை கை நிறுத்தி, மேலுள்ள இனங்களைக் கூட்டிப் பார்க்கிறோம். கூடிவராத இடத்தில் அச்சொல்லை அடித்துவிடுகிறோம்.