குழந்தையும் போஷாக்கும் – 6: மடியிழந்த மூத்த குழந்தை

சென்ற வாரம் தாய்ப்பாலுடன் சேர்த்து ஊட்டவேண்டிய இணை உணவைப் பற்றிப் பேசினோம். அவ்வுணவு எத்துணைச் சிறந்ததாயினும், குழந்தையின் தேகம் அதனால் முழுப் பயன் பெறுவது, தாய் மறுபடி எப்போது கருவுறுகிறாள் என்பதையும் பொறுத்தது.

ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், 1929-இல் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கோல்டு கோஸ்ட் நாட்டில், அதாவது இன்றைய கானாவில், உத்தியோகம் ஏற்றார். ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சிலர் கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, ஓயாது சிணுங்கி, மருந்துக்கு வசப்படாமல் மாண்டுபோவதை அங்கே கண்டார். இது முன்பே அறியப்பட்ட பெலாக்ரா என்னும் வியாதிதான் என்று வாதித்தவர்கள் இருந்தார்கள். அம்மையாரோ, அவ்வூர்ப் பெண்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். அடுத்த சிசுவின் வரவால் தாயின் மார்பிலிருந்து விலக்கப்பட்டு, மக்காச்சோளக் கஞ்சியையே நம்பி வாழ நேர்ந்த குழந்தையைப் பிடிக்கும் நோய் இது என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். 1933-இல் அந்நோயை விவரித்துக் கட்டுரை வெளியிட்ட அவர், 1935-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதியபோது, அந்த மக்கள் வழங்கிய ‘குவாஷியோர்க்கர்’ என்ற பெயரையே அதற்குச் சூட்டினார்.

நம் பாட்டிமார்கள் சவலைப் பிள்ளை என்று பரிதபித்ததும் இவ்வாறு பால் பறிபோன குழந்தையைத்தான். இரண்டாம் வயதிலும் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தாய்ப்பால் தரவல்லது. கர்ப்பம் தரித்ததும் பால் சுரப்பு குறைவதாலோ, கர்ப்பிணியின் பால் தீங்கு செய்யும் என்ற தவறான நம்பிக்கையாலோ அது நின்றுவிட்டால், அப்பங்கை வெறும் கஞ்சியால் ஈடுசெய்தல் இயலாது. நஷ்டம் மூத்ததோடு முடிவதுமில்லை. முந்தைய கர்ப்பத்திலும் பாலூட்டுதலிலும் செலவழிந்த இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் தாயின் உடலில் மீண்டும் சேர்வதற்குள் உருவாகும் கரு, குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கும் அபாயம் மிகுகிறது. ஆகவே, ஒன்று பால் இழந்தும் மற்றொன்று பிறப்பிலேயே நலிந்தும், இரு குழந்தைகள் ஒரே தாயின் ஓய்ந்த கரங்களை எதிர்பார்த்துக் கிடக்கும் நிலை உண்டாகிறது.

இவையெல்லாம் வறுமையின் விளைவே அன்றோ என்று சிலர் கேட்கலாம். வறுமை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வறுமைக்குள்ளேயே, போதிய இடைவெளி இருப்பின், உள்ள உணவும் பாலும் தாயின் கவனமும் ஒரு குழந்தைக்கு முழுமையாகக் கிட்டுகின்றன என்பதை மறத்தலாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய நிபுணர் குழு, பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மாதங்கள் கழிந்த பிறகே அடுத்த கர்ப்பத்துக்கு முயலவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதாவது, இரு பிரசவங்களுக்கிடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். முதல் ஆறு மாதம் வரை, மாதவிலக்கு திரும்பாதிருக்க, இரவும் பகலும் தாய்ப்பால் ஒன்றையே ஊட்டிவரும் தாய்க்கு இயற்கையே பெரும்பாலும் காவலாகிறது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அக்காவலை நம்புதல் கூடாது. காப்பர்-டி முதலிய கருத்தடைச் சாதனங்களைப் பற்றி வைத்தியரை அணுகிக் கேட்பதே விவேகம்.

இதைப் பெண்ணின் பொறுப்பு என்று ஒதுக்கிவிடுகிற கணவருக்கும், தொட்டில் காலியாயிற்று என்று அவசரப்படுத்துகிற மாமியாருக்கும் ஒரு வார்த்தை: மூத்த குழந்தைக்குப் பாலும் பராமரிப்பும் வேண்டிய காலம் இன்னும் முடியவில்லை, அது முடியும்வரை பொறுத்திருங்கள்.