கிணற்றடிக் கீழாநெல்லி

மழை ஓய்ந்த பின் கிணற்றடியிலும் வரப்போரத்திலும் விதைப்பாரின்றி முளைத்து, முழங்கால் உயரத்துக்கு மேல் வளராமல் நிற்கும் கீழாநெல்லியின் சிறு கிளையொன்றைத் திருப்பிப் பிடித்துப் பார்ப்போருக்கு, இலைகளின் அடியில் கடுகினும் சற்றே பருத்த பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குவதும், கீழ்க்காய்நெல்லி என்று முன்னோர் அதற்கு இட்ட நாமத்தின் பொருத்தமும் ஒருங்கே புலப்படும்.

கண் மஞ்சளித்துவிட்டால் இச்செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காயளவு உருண்டையை மோரில் கரைத்து விடியற்காலையில் வெறும் வயிற்றில் புகட்டுவதும், எண்ணெயையும் புளியையும் விலக்கிப் பத்தியம் காப்பதும் எங்கள் பாட்டி காலத்து வழக்கம். பத்து வயதில் நானும் குடித்திருக்கிறேன். நாவில் தங்கிய அந்தக் கசப்பு நண்பகல் வரை போகவில்லை. மூன்றாம் வாரம் கண் தெளிந்தது.

தெளிந்தது செடியாலா? காமாலை என்பது தனி வியாதியன்று, வியாதியின் அடையாளம். பழைய சிவப்பணுக்கள் சிதைகையில் உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருளைக் கல்லீரல் வெளியேற்ற இயலாதபோது, அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் சருமத்திலும் தெரிகிறது. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஹெபடைடிஸ் பி வைரஸோ சிலர் சரீரத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

இந்த இரண்டாம் வகையிலேதான் நம் செடி பெரும் பரீட்சைக்கு உள்ளாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும், அவ்வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து, 1988-இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த அப்பலன், பின்னர் தாய்லாந்தில் சோதித்தபோது கிட்டவில்லை. மேலாநெல்லி முதலிய ஒத்த செடிகள் பல உண்டு. மண்ணும் பருவமும் மாறினால் சத்தும் மாறும். ஆகவே ஒரு தேசத்துச் சூரணம் மற்றொன்றுக்கு நிகராகும் என்று கொள்வதற்கில்லை. கீழாநெல்லியிலுள்ள பில்லாந்தின் என்னும் பொருள் கல்லீரல் அணுக்களை நச்சினின்று காப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் அணுவில் கண்ட குணம் மனிதனிடத்தில் நிரூபணமாக வேண்டும். பித்தநாளத்தில் கல் அடைத்து வந்த காமாலைக்கு மோரில் கரைத்த உருண்டையை நம்பி நாள் கடத்துவதோ, பிராண ஆபத்தாகவே முடியலாம்.

சென்ற ஆவணியில் பேரனுக்குக் கண் மஞ்சளித்தபோது முதலில் இரத்தத்தைச் சோதித்தோம். ஹெபடைடிஸ் ஏ என்று தெரிந்து, வைத்தியரும் சம்மதித்த பிறகே அம்மியைக் கழுவினோம்.