'வேண்டாம்' என்று சொல்ல ஒரு பொத்தான்

நார்வேயில் பனிக்காலம் நீளமானது. குளிர் ஏற ஏற மின்சார காரின் பேட்டரி சுணங்கும். ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம் குறையும். அங்கே மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. எந்த ஊரில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

2019-ல் அந்தக் கணக்கு சிலருக்குத் தப்பிப்போனது. 2013 முதல் 2015 வரை தயாரான டெஸ்லா மாடல் எஸ் கார்களில் ஒரு மென்பொருள் அப்டேட் இறங்கியது. அதன்பின் சார்ஜ் ஏற முன்பைவிட அதிக நேரம் பிடிக்கிறது, ஓடும் தூரமும் குறைந்துவிட்டது என்று உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். அந்தக் கார்கள் எங்கும் மோதவில்லை. எந்த மெக்கானிக்கும் அவற்றின் பானெட்டைத் திறக்கவில்லை. வாசலில் நின்றிருந்த வண்டிக்குக் காற்றில் வந்த கட்டளை ஒன்று அதன் குணத்தையே மாற்றிவிட்டது.

30 உரிமையாளர்கள் முறையிட்டார்கள். நார்வேயின் சமரச மன்றம் 2021 மே மாதம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆளுக்கு 1,36,000 குரோனர் இழப்பீடு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 16,000 அமெரிக்க டாலர். அது முதல் படியில் வந்த முடிவுதான், மேல்முறையீட்டுக்கு இடம் இருந்தது. ஆனாலும் அந்தத் தொகையைவிடப் பெரிதான ஒரு கேள்வியை அந்த 30 பேர் உலகத்தின் முன் வைத்துவிட்டார்கள். கிரயம் எழுதிக் கொடுத்த வீட்டுக்குள் பழைய உரிமையாளர் சாவி போட்டு நுழைந்து சுவரை இடிக்க முடியாது. காரை விற்றவர் மட்டும் எப்படி நுழைகிறார்?

வழிகுழாயைக் கீழே இறக்கினால்

நுழைவது எப்படி என்பது எளிது. இன்றைய மின்சார காருக்குள் கைபேசியில் இருப்பதைப் போலவே இணைய இணைப்பு இருக்கிறது. நிறுவனத்தின் சர்வரில் புதிய மென்பொருள் தயாரானதும், செல்பேசி அலைவரிசை வழியாகவோ வீட்டு வைஃபை வழியாகவோ கார் அதை இறக்கிக்கொள்ளும். வண்டி நிற்கும் நேரத்தில் அது நிறுவப்படும். நிறுவி முடியும்வரை வண்டியை எடுக்க முடியாது. துறையில் இதை 'ஓவர்-தி-ஏர்', அதாவது காற்று வழி அப்டேட், சுருக்கமாக 'ஓடிஏ' என்று சொல்வார்கள்.

பாட்டுக் கேட்கும் திரையோடு இது நின்றுவிட்டால் யாருக்கும் பெரிய கவலை இல்லை. பிரேக், மோட்டார், ஸ்டீயரிங், பேட்டரி எல்லாமே இன்று மென்பொருளின் சொல்படி நடக்கின்றன. பேட்டரியை எந்த வேகத்தில், எந்த உச்சம் வரை நிரப்பலாம் என்பதையும் ஒரு மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி அதே தொட்டிதான். வழிகுழாயை ஒரு சாண் கீழே இறக்கி வைத்தால், அதற்கு மேல் ஒரு சொட்டும் நிற்காது. பேட்டரியின் உச்ச வோல்டேஜைக் குறைத்தால் நடப்பது அதுதான். பணம் கொடுத்து வாங்கிய கொள்ளளவில் ஒரு பகுதி பேட்டரிக்குள்ளேயே இருக்கும், உரிமையாளரின் கைக்கு மட்டும் எட்டாது.

அமெரிக்காவிலும் இதே கதை நீதிமன்றம் ஏறியது. 2019-ல் ஷாங்காய், ஹாங்காங் நகரங்களில் நிறுத்தி வைத்திருந்த டெஸ்லா கார்கள் தீப்பிடித்தன. அதையொட்டி மே மாதத்தில், முன்னெச்சரிக்கையாக மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் சார்ஜ் அமைப்புகளை ஓடிஏ வழியாக மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. பேட்டரியைப் பாதுகாக்கவும் அதன் ஆயுளைக் கூட்டவும் என்பது சொல்லப்பட்ட காரணம். தொடர்ந்த வழக்கில் வெளிவந்த விவரம்: குறிப்பிட்ட மாடல் எஸ் கார்களில் உச்ச வோல்டேஜ் ஏறத்தாழ 10 சதவீதம் மூன்று மாதங்களுக்குக் குறைக்கப்பட்டது, பிறகு 7 சதவீதக் குறைப்பு இன்னும் ஏழு மாதங்கள் நீடித்தது. 2020 மார்ச்சில்தான் அதைப் படிப்படியாகச் சரிசெய்யும் அப்டேட் வந்தது. 2021-ல் 15 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 1,743 கார்கள், உரிமையாளருக்கு 625 டாலர் வீதம்.

தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாகச் சந்தேகம் வந்தால் வோல்டேஜைக் குறைப்பது தவறே இல்லை. உயிரைவிட ரேஞ்ச், அதாவது ஓடும் தூரம், பெரிதல்ல. தவறு, என்ன மாறுகிறது என்று உரிமையாளரிடம் தெளிவாகச் சொல்லாததில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே போல்ட் கார்களுக்கும் இதே போன்ற சிக்கல் வந்தது. 2020 நவம்பரில் சுமார் 68,000 கார்களுக்கு முறைப்படி ரீகால் அறிவித்தார்கள். தீ அபாயம் என்று காரணத்தைச் சொல்லி, சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தும் மென்பொருளைப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் அந்த ரீகால் அதுவரை விற்ற எல்லா போல்ட் கார்களுக்கும், ஏறத்தாழ 1,42,000 வண்டிகளுக்கு, விரிந்தது. குறையுள்ள பேட்டரிகளை மாற்றித் தரும் வேலையும் தொடங்கியது. போல்ட் உரிமையாளர்களும் கோபப்பட்டார்கள். ஆனால் எதற்காகத் தங்கள் வண்டி முடக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாடல் எஸ் வைத்திருந்தவர்கள் தங்கள் வண்டிக்கு என்ன ஆனது என்று தாங்களே அளந்து, ஒப்பிட்டு, வழக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கொடுத்த கையே பூட்டிய கை

இந்தத் தொழில்நுட்பம் செய்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2018 மே மாதம் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அமைப்பு டெஸ்லா மாடல் 3-ஐச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் வந்து பிரேக் பிடித்தால் நிற்க 152 அடி எடுத்துக்கொண்டது கார். இது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று எழுதினார்கள். சில நாட்களில் ஓர் அப்டேட் வந்தது. மறுபடி சோதித்தபோது 133 அடியில் நின்றது. 19 அடி என்பது சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் உயிர். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் அது கிடைத்தது. 2023 டிசம்பரில் தானோட்டி வசதியின் எச்சரிக்கைகளைப் பலப்படுத்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களுக்கு அமெரிக்காவில் ரீகால் வந்தபோதும் திருத்தம் காற்றிலேயே போய்ச் சேர்ந்தது. அத்தனை வண்டிகளையும் பட்டறைக்கு வரவழைப்பதென்றால் எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்?

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியது. மக்கள் ஊரைக் காலிசெய்துகொண்டிருந்த நேரத்தில், அங்கிருந்த சில டெஸ்லா கார்களின் ரேஞ்ச் தானாகக் கூடியது. 60 கிலோவாட்-மணி என்று விற்கப்பட்ட அந்தக் கார்களுக்குள் உண்மையில் 75 கிலோவாட்-மணி பேட்டரி இருந்தது. மிச்சத்தை மென்பொருளால் பூட்டி வைத்திருந்த நிறுவனம், புயலுக்காகச் சில நாட்கள் மட்டும் பூட்டைத் திறந்துவிட்டது. உயிர் தப்ப ஓடியவர்களுக்கு அது பேருதவி, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து திறக்க முடிந்த கைக்குத் தொலைவிலிருந்து பூட்டவும் முடியும் என்பதை அன்றே உலகம் பார்த்துவிட்டது. இரண்டே ஆண்டில் நார்வேக்காரர்கள் பார்த்தது அந்தக் கையின் மறுபக்கத்தை.

அவசரத்தில் அனுப்பிய கட்டளை

மென்பொருளை எழுதுபவர்களும் மனிதர்கள்தான், தவறு நேரும். பட்டறையில் ஒரு மெக்கானிக் தவறு செய்தால் ஒரு வண்டி நிற்கும். சர்வரில் தவறு நேர்ந்தால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மாட்டிக்கொள்ளும்.

2021 அக்டோபரில் டெஸ்லாவின் சோதனைப் பதிப்பு ஒன்று இறங்கிய கார்கள், முன்னால் எதுவும் இல்லாதபோதும் மோதல் எச்சரிக்கை கொடுத்தன. அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று, 11,704 கார்களுக்கு ரீகால் அறிவிக்க நேர்ந்தது. 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு கூடிய பதிப்பைக் கைதவறி அனுப்பிவிட்டது. அது இறங்கிய வண்டிகளில் திரைகள் இருண்டன. வண்டி ஓடியது, ஆனால் ஓட்டுபவர் பார்க்க வேண்டிய தகவல்கள் போய்விட்டன. தவறு தங்களுடையதுதான் என்று அந்த நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார், அது பாராட்டத்தக்கது. 2025 அக்டோபரில் நேர்ந்தது இவற்றைவிட அச்சமூட்டுவது. அமெரிக்காவில் ஜீப் ராங்ளர் 4எக்ஸ்இ என்ற ப்ளக்-இன் ஹைபிரிட் வண்டிகள் சில, அப்டேட்டுக்குப் பின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவிசை இழந்தன. நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது வண்டி ஓய்ந்துபோனால் என்ன ஆகும் என்று ஓட்டத் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாத் தவறும் நிறுவனத்தின் பக்கம் மட்டும் நேர்வதில்லை. 2019 ஜனவரியில் பெய்ஜிங்கின் சாங்ஆன் அவென்யூவில் நெரிசலில் நின்ற நியோ ஈஎஸ்8 கார் ஒன்றில், உள்ளே இருந்தவர்களே திரையில் அப்டேட்டைத் தொடங்கிவிட்டார்கள். நடுச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கார் அசையவில்லை. ஜன்னலைக்கூட இறக்க முடியவில்லை. பலமுறை உறுதிசெய்த பிறகே அது தொடங்கும் என்று நிறுவனம் விளக்கியது. இருக்கலாம். ஆனால் போக்குவரத்தின் நடுவே அந்தப் பொத்தான் வேலை செய்யவே கூடாதல்லவா?

இப்போது, பிறகு

நிறுவனங்கள் இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருக்கின்றன: அப்டேட்டை நிறுவுவது உரிமையாளர்தான், அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. திரையைப் பார்த்தால் அது உண்மைபோலத்தான் தெரியும். 'இப்போது நிறுவு' என்று ஒன்று, நேரம் குறித்துக்கொள்ள இன்னொன்று. 'வேண்டாம்' என்பது மட்டும் இல்லை. தள்ளிப்போட்டால் அறிவிப்பு திரும்பத் திரும்ப வரும். டெஸ்லாவின் வாரண்டி விதிகளையே எடுத்துக்கொள்வோம். அப்டேட் வந்திருப்பதாக அறிவித்த பிறகும் அதை நிறுவாமல் விட்டதால் வரும் பழுது வாரண்டியில் அடங்காது. நிறுவிய பின் பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி கிடையாது. வேண்டாம் என்றால் அதனால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை, சரி என்றால் திரும்பி வர முடியாது. நம் ஊரில் இதைச் சம்மதம் என்று யாரும் சொல்ல மாட்டோம். கழுத்தில் துண்டைப் போட்டுக் கையெழுத்து வாங்குவது என்போம்.

பெரிய மாற்றங்கள் மட்டுமல்ல, சிறியவையும் மனிதரை அலைக்கழிக்கின்றன. 2021 டிசம்பரில், குளிர் உச்சத்தில் இருந்தபோது, டெஸ்லாவின் திரை புது வடிவம் எடுத்தது. கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் பொத்தான், ஒரு தொடுதலில் கிடைத்த இடத்தை விட்டுப் பட்டியலுக்குள் போய்விட்டது. ஓட்டுபவரின் விரல் பழகிய இடத்தைத் தேடும், கண் சாலையை விட்டுத் திரைக்குப் போகும். சமையலறையில் உப்பு ஜாடியை யாரோ இடம் மாற்றி வைத்தால் எரிச்சலோடு போய்விடும். வேகமாக ஓடும் வண்டியில் அப்படிச் செய்வது ஆபத்து.

சட்டங்கள் மெல்ல விழித்துக்கொள்கின்றன. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 2020-ல் ஏற்ற 156-ஆம் எண் ஒழுங்குமுறை, அப்டேட்டின் நோக்கம் என்ன, எது மாறும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே உரிமையாளரிடம் சொல்லச் சொல்கிறது. பாதியில் முறிந்தால் பழைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ வண்டி திரும்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். மென்பொருளோடு கூடிய பொருட்களை விற்பது பற்றிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, அப்டேட்டை நிறுவலாமா வேண்டாமா என்பதை வாங்கியவர் தீர்மானிக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. சீனாவோ, ஓடிஏ வழியாகக் குறையைத் திருத்தினால் அதையும் ரீகால் என்றே அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2020-லேயே சொல்லிவிட்டது. சத்தமில்லாமல் குறையை மூடிமறைக்கும் வழியை அடைக்கும் நல்ல விதி அது.

நம் வாசலிலும்

ஓசூரில் ஏத்தரும் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலாவும் தயாரிக்கும் மின்சார ஸ்கூட்டர்களுக்கும் அப்டேட் காற்றில்தான் வருகிறது. தூத்துக்குடியில் 2025 முதல் மின்சார கார்த் தொழிற்சாலை இயங்குகிறது. நார்வேயில் எழுந்த கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்க அதிக நாள் பிடிக்காது. அதற்குள் நாம் சிலவற்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பாதுகாப்புக்கான திருத்தத்தையும் மற்ற மாற்றங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. பிரேக்கைச் சரிசெய்யும் திருத்தம் எல்லா வண்டிக்கும் போகட்டும், அதில் மறுப்புக்கு இடமில்லை. திரையின் தோற்றம், பொத்தானின் இடம் போன்றவை உரிமையாளரின் விருப்பம். அவற்றை மறுத்தால் வாரண்டி போகக் கூடாது, ஏற்றபின் பிடிக்காவிட்டால் பழைய பதிப்பு திரும்பக் கிடைக்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவையோ சார்ஜ் வேகத்தையோ குறைக்கும் எந்த மாற்றமும், எவ்வளவு குறையும், ஏன், எத்தனை நாளைக்கு என்று தாய்மொழியில் எழுத்துபூர்வமாக வர வேண்டும். குறைத்த அளவுக்கு, வழக்குப் போடாமலே இழப்பீடும் வர வேண்டும்.

இவை எதுவும் தொழில்நுட்பத்தால் முடியாதவை அல்ல. புயல் நேரத்தில் தொலைவிலிருந்தே பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்களுக்குத் திரையில் மூன்றாவதாக ஒரு பொத்தான் வைப்பது பெரிய வேலையில்லை. அது வரும்வரை, வாசலில் நிற்கும் வண்டியின் ஆர்சி புத்தகத்தில் நம் பெயர் இருந்தாலும், காலையில் அது எவ்வளவு தூரம் ஓடும் என்று தீர்மானிப்பது நாமல்ல.