வாத்து திடீரென சுருண்டு படுத்துவிட்டதா? முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதும், செய்யவே கூடாததும்

காலையில் கூண்டைத் திறந்தால் முதல் ஆளாக ஓடிவரும் வாத்து, அன்றைக்கு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி, தவிட்டுக் கிண்ணத்தைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ‘நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!’ என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவர் மஞ்சள் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் வீட்டில் மிச்சமிருக்கும் காய்ச்சல் மாத்திரையைத் தேடுகிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்துக் கிளினிக்கும் பூட்டியிருக்கிறது.

மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் இரண்டு, மூன்று வாத்து வளர்ப்பவர்கள் பலரும் என்றாவது ஒருநாள் இப்படித்தான் தவிக்கிறார்கள். அப்போது என்ன செய்யலாம்?

நிஜமாகவே ‘திடீர்’ நோயா?

பெரும்பாலும் இல்லை. வாத்து, மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. பலவீனத்தை வெளியே காட்டினால் நரியோ நாயோ முதலில் அதைத்தான் குறிவைக்கும். அதனால் முடிந்தவரை நோயை மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடமாடும். இனி மறைக்க முடியாது என்ற நிலையில்தான் படுக்கும். நம் கண்ணுக்கு இன்று தெரிகிற நோய், உள்ளே ஒன்றிரண்டு நாளுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் இதில் செய்யக்கூடிய பெரிய தவறு.

முதல் வேலை என்ன?

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, அந்த வாத்தை மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட பெரிய அட்டைப் பெட்டி, அடியில் பழைய துண்டு, இவ்வளவு போதும். சத்தம் இல்லாத, மங்கலான வெளிச்சமுள்ள இடத்தில் பெட்டியை வையுங்கள். தொற்று பரவாமல் தடுப்பது ஒரு காரணம். அது எவ்வளவு சாப்பிட்டது, எச்சம் எப்படிப் போகிறது என்று தனியாகக் கவனிக்க முடியும் என்பது இன்னொரு காரணம்.

சூடு கொடுப்பதா, குளிர்விப்பதா?

இரண்டில் எது என்பதை அறிகுறிதான் சொல்லும். வாத்தின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நோயுற்ற பறவைக்கு இந்தச் சூட்டைத் தக்கவைக்கவே நிறைய சக்தி செலவாகும். இறகை உப்பிக்கொண்டு நடுங்கினால், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். நகரவே முடியாத வாத்து என்றால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

நண்பகல் வெயிலில் அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் அது வெப்ப அயர்ச்சியாக இருக்கலாம். நிழலுக்கு மாற்றி, காலைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, ஃபேன் காற்று படும்படி வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

தண்ணீரை ஊற்றிவிடலாமா?

கூடவே கூடாது. வாத்தின் மூச்சுக்குழல் வாய், நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். பலவீனமான பறவையின் வாயில் சிரிஞ்சாலோ ஸ்பூனாலோ தண்ணீரை ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகலாம். நோயில் பிழைத்திருக்க வேண்டிய வாத்து, நாம் ஊற்றிய தண்ணீரால் செத்துப்போகும். ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அலகு நுனியை மெதுவாக நனைத்துக் காட்டுங்கள். முடிந்தால் அதுவே குடிக்கும். கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும் எலக்ட்ரோலைட் பொடியை, பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கலந்து வைக்கலாம்.

வாத்துதானே, நீந்தட்டும் என்று தொட்டியில் விடவும் கூடாது. கழுத்தைத் தூக்க முடியாத வாத்து, ஆழம் குறைந்த தண்ணீரில்கூட மூழ்கிச் சாகும்.

வழக்கமான தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, பொடியாக நறுக்கிய கீரையோடு கொடுங்கள். பிரெட், பிஸ்கட் வேண்டாம்.

எந்த அறிகுறி எதைக் காட்டும்?

குஞ்சு நடக்கத் தடுமாறுகிறது, கால் வளைகிறது: நியாசின் என்ற பி வைட்டமின் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு இந்தச் சத்து கூடுதலாகத் தேவை. ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் இருக்க வேண்டும். கோழித் தீவனத்தை மட்டுமே கொடுத்து வளர்க்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் வரும். ஆரம்பத்திலேயே கவனித்தால் சரிசெய்துவிடலாம்.

கழுத்து துவண்டு தொங்குகிறது, கால் இழுக்கிறது: போட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பை முதலில் சந்தேகிக்க வேண்டும். வெயில் காலத்தில் தேங்கிய அழுக்குத் தண்ணீர், அழுகிய இலை தழை, செத்த பிராணி, அதில் நெளியும் புழு இவற்றிலிருந்து வருவது. துண்டைச் சுருட்டி கழுத்துக்கு முட்டுக் கொடுத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெட்டை வாத்து முக்குகிறது, வால் மேலும் கீழும் ஆடுகிறது: முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் தலையைப் பிடித்துக்கொண்டு 15, 20 நிமிடம் உட்காரவைத்தால் தசை தளரும். வயிற்றை அழுத்தி முட்டையை வெளியே தள்ள முயல வேண்டாம். முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

நொண்டுகிறது, பாதத்தில் கறுப்புப் பொருக்கு: பாதத்தில் சீழ் கட்டும் தொற்று. கரடுமுரடான சிமெண்ட் தரையில் வளரும் கனமான வாத்துகளுக்கு இது அதிகம் வரும்.

சாப்பிடாமல் மெலிகிறது, எச்சம் கடும் பச்சை: ஆணி, கம்பித் துண்டு, ஈயம் எதையாவது விழுங்கியிருக்கலாம். வீட்டில் சமீபத்தில் தச்சு வேலையோ வெல்டிங் வேலையோ நடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

தீவனமே விஷமாகுமா?

ஆகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக்குஞ்சுகளும் தப்பவில்லை. கடைசியில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உலகுக்குத் தெரியவந்ததே இப்படித்தான். இந்த நச்சை வாத்துக்குஞ்சுகளால் துளியும் தாங்க முடியாது. பூசணம் பிடித்த புண்ணாக்கு, மக்காச்சோளம், நாள்பட்ட சோறு எதையும் ‘வாத்துதானே’ என்று போட்டுவிடாதீர்கள்.

வீட்டு மாத்திரை கொடுக்கலாமா?

வேண்டாம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த இந்தியா 2006-ல் தடை விதித்தது. நம் உடம்பு தாங்கும் மருந்தைப் பறவையும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால், ‘எத்தனை நாளுக்கு இதோட முட்டையைச் சாப்பிடக் கூடாது?’ என்று மறக்காமல் கேளுங்கள்.

ஒன்றுக்கு மேல் செத்தால்?

இங்குதான் விஷயம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அடுத்தடுத்து வாத்துகள் செத்தால் வாத்து பிளேக், வாத்து காலரா, பறவைக் காய்ச்சல் மூன்றையும் நினைக்க வேண்டும். கேரளாவின் குட்டநாடு பகுதி வாத்துகளில் 2014, 2021, 2024 ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. வாத்துகள் சில நேரம் அறிகுறியே இல்லாமல் இந்த வைரஸைச் சுமக்கும் என்பது கூடுதல் சிக்கல்.

அப்படிச் செத்த வாத்தை அறுக்காதீர்கள், சமைக்காதீர்கள், குளத்திலோ குப்பையிலோ வீசாதீர்கள், நீங்களே எங்கும் எடுத்துச் செல்லவும் வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லுங்கள். ‘சொன்னா எல்லாத்தையும் கொன்னுடுவாங்களே’ என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். நோய் உறுதியானால் சுற்றுவட்டாரப் பறவைகள் அழிக்கப்படும். ஆனால் அழிக்கப்படும் பறவைகளுக்கு இழப்பீடு வழங்கும் நடைமுறையும் உண்டு. மறைத்தால் ஆபத்து பக்கத்து வீட்டுக்கும், அந்த வாத்தைத் தொட்ட குழந்தைக்கும் போகும். வீட்டில் யாருக்காவது அடுத்த சில நாளில் காய்ச்சல், இருமல் வந்தால், வாத்து செத்த விஷயத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரை எங்கே தேடுவது?

நாய், பூனை பார்க்கும் எல்லா கிளினிக்கிலும் வாத்தைப் பார்ப்பதில்லை. கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள். தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான அவசர உதவி எண் 1962. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வாத்து நடப்பதை 30 வினாடி வீடியோ, எச்சத்தின் போட்டோ, சமையல் தராசில் போட்ட எடை, தீவனப் பாக்கெட்டின் படம், இந்த நான்கும் போனில் இருந்தால் மருத்துவரின் பாதி வேலை முடிந்தது.

எல்லாம் செய்தும் அது பிழைக்காமல் போகலாம். ஒரே ஒரு வாத்து செத்திருந்தால், பிரேதப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில மணி நேரத்துக்குள் அவர் சொல்லும் முறைப்படி கொண்டுபோனால், மீதி இருப்பவற்றைக் காப்பாற்றும் பதில் அதில் கிடைக்கலாம்.

தினமும் தண்ணீரை மாற்றுவது, தீவனத்தை ஈரம் படாமல் வைப்பது, புதிதாக வாங்கிய வாத்தைச் சில வாரம் தனியாக வைப்பது, தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்பது, இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. கூடவே, தினமும் காலையில் கூண்டைத் திறக்கும்போது இரண்டு நிமிடம் நின்று, எது கடைசியாக வெளியே வருகிறது என்று பாருங்கள். நோயை மறைக்கத் தெரிந்த பறவை, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.