பத்து வருசமாகப் பார்க்காத மரம்

மருந்துக் கம்பனிப் பிரதிநிதியாக மாதம் ஒருமுறை மன்னாருக்குப் போய்வரத் தொடங்கிப் பத்து வருசம். பாலம் கடந்ததும் 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, ஒரு சாப்பாட்டுக்கடை. எனக்குத் தெரிந்த மன்னார் இவ்வளவுதான். தெருவில் திரியும் கழுதைகளைக்கூட அடையாளம் சொல்வேன்.

போன மாதம் மத்தியான பஸ் தவறிவிட்டது. ஓட்டோக்காரர் ஒருவர், "பெருக்க மரம் பாத்தனீங்களோ, சேர்?" என்றார். இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மரம் நிற்கும் பள்ளிமுனை கிட்டத்தான். கேட்டதற்காக ஏறிப் போனேன். யானையொன்று படுத்தபடியே கிளைவிட்டது போல் நின்றது அது. உயரம் 7.5 மீற்றர், அடிமரச் சுற்றளவு 19.5 மீற்றர். உயர வேண்டியதெல்லாம் பருத்துவிட்டது. சுற்றி நடந்து பார்த்தேன், 32 எட்டு.

"எத்தினை வயசு அண்ணை?"

"எழுநூறு எண்டு சொல்லுவினம். நான் சின்னப் பெடியனா இருக்கேக்கையும் எழுநூறுதான்."

கேலி நியாயமானதே. இந்த மரத்தில் பல தண்டுகள் ஒட்டி ஒன்றாகிப் பருக்கும், நடுவில் பொந்தும் விழும். வளையம் எண்ணி வயசு சொல்ல ஏலாது. மரத்துண்டிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளக்க வேண்டும். நமீபியாவின் குரூட்பூம் மரத்துக்கு 1,275 வயது என்று அப்படித்தான் கண்டார்கள். ஆகவே எழுநூறு ஒன்றும் நடக்காத கதையில்லை.

தமிழ்நாட்டில் இதைப் பப்பரப்புளி, ஆனைப்புளி என்பார்கள். பிறந்தகம் ஆபிரிக்கா. ஒட்டகங்களுக்குத் தீனியாக அரபு வணிகர் கொண்டுவந்து நட்டார்கள் என்பது ஊர்க்கதை. நெடுந்தீவிலும் ஒன்று நிற்கிறது. முத்துக்காக அரபுக் கப்பல்கள் இந்தக் கடலுக்கு வந்தது உண்மைதான். ஆனால் வறட்சியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, அடிமரத்தில் சேர்த்த தண்ணீரில் காலம் தள்ளும் மரம் இது. இதை நம்பி யார் ஒட்டகம் வளர்ப்பார்?

திரும்பும்போது அண்ணை இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு காயை எடுத்தார். வேறொரு பெருக்க மரத்தடியில் பொறுக்கியதாம். மேலெல்லாம் பூனைமயிர் மாதிரிச் சுணை. கல்லில் அடித்து உடைத்தார். உள்ளே சோக்கட்டி போல வெள்ளைச் சதை. வாயில் போட்டதும் மாவாய்க் கரைந்து, பிறகு புளித்தது.

"விதையைத் துப்பாதேங்கோ சேர், கொண்டுபோய் நடுங்கோ."

என் வீட்டு மதில் தாங்காது என்றேன். விதைகள் சட்டைப் பையில்தான் இருந்தன, வவுனியா தாண்டும்வரை.